இருபத்திரண்டு அங்குலம் கூட்டிக்கொள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் தம்பி இடது முழங்காலுக்குக் கீழே தவிர மற்ற இடமெல்லாம் நலம். அவன் பெண்டாட்டியும் மகளும் நலம். நீயும் மருமகளும் அந்தக் குளிர் தேசத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பாவிட்டாலும் கடிதத்தில் எழுத வேண்டிய வரி இது. உன் இருமல் நின்றதா? போனில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருமுகிறாய், அதுவும் நான் ஏதாவது கேட்கும்போதுதான் அதிகமாக வருகிறது. டாக்டரிடம் காட்டு. மழைக்கோட்டின் உள்துணி பிரிந்துவிட்டது என்று மருமகள் சொன்னாள், அதைக் கடையில் கொடுக்காதே, வெளியே ஒரு நூல்கூடத் தெரியாமல் உள்பக்கமிருந்தே தைத்துக்கொள், அந்த வேலை உனக்கு நன்றாக வரும்.

நீ அனுப்பிய உறை போன வாரம் வந்தது. உள்ளே தட்டச்சு செய்த தாள் இரண்டு, முதல் தாளின் அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. நாற்பத்தொரு வருஷம் தையல் கடை வைத்திருந்தவள் நான், எங்கே வெட்ட வேண்டும் எங்கே தைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் குறி போட்டுக் கொடுத்தே பழகியவள், இப்போது என் மகன் எனக்குக் குறி போட்டு அனுப்பியிருக்கிறான். தாளைப் படித்தேன். கிணற்றுச் சுவர் உடைந்து தாழ்ந்தபிறகு நான் புது விளிம்பிலிருந்து அளந்தேனாம், அதை உனக்குத் தெரிவிக்கத் தவறிவிட்டேனாம், வயதின் காரணமாகவாம். இரண்டாவது தாள் விசாரணைக்கு நீ கொடுத்த விளக்கத்தின் நகல். அதில் "முறையான பயிற்சி இல்லாத வயதான பார்வையாளர் ஒருவர் செய்த பிழை" என்று இருந்தது. யாரடா அது, பாவம், யாரோ கிழவி மாட்டிக்கொண்டாள் போலிருக்கிறதே என்று நினைத்து அடுத்த வரிக்குப் போனேன், அடுத்த வரியில் நம் வீட்டு விலாசம் இருந்தது.

நீ மறந்திருப்பாய், அல்லது உன் வக்கீல் மறக்கச் சொல்லியிருப்பார், அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், பாட்டில் தண்ணீர்க் கம்பெனி ஏரிக்கரைக்குப் பின்னால் நாலு கிணறு தோண்டிப் பம்ப் வைக்கப் போகிறது, அதனால் ஏரிக்குக் கேடு வருமா என்று ஒரு வருஷம் பார்த்துச் சொல்வது உன் வேலை. அப்போது நீ இந்தக் கூடத்தில் சாப்பாட்டு மேசைமேல் வரைபடத்தை விரித்துவைத்து, எனக்கும் தம்பிக்கும் சொன்னாய். ஏரி தனி, நிலத்தடித் தண்ணீர் தனி என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான் அம்மா, துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் மாதிரி, நிலம் தாழ்ந்த இடத்தில் அடித்தண்ணீர் வெளியே எட்டிப்பார்க்கிறது, அதற்கு நாம் ஏரி என்று பேர் வைத்திருக்கிறோம் என்றாய். எனக்குப் புரியட்டும் என்று துணியை உதாரணம் சொன்னாய், எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கண்ணாடிமாதிரி இருக்கும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல நம் கிணற்றுக்கும் ஏரிக்கும் மட்டம் பார்த்தாய். கிணற்றில் தண்ணீர் ஏரியைவிட ஒன்பது அங்குலம் உயரத்தில் நின்றது. அந்த ஒன்பது அங்குலம்தான் ஏரிக்கு உயிர், உயரத்திலிருந்து தாழ்வுக்கு மண்ணுக்குள்ளாகவே நகர்ந்துபோய் ஏரியின் அடியில் ஊறுகிறது, கோடையிலும் ஓடை ஓடுவது அதனால்தான், அந்த உயரம் போய்விட்டால் தண்ணீர் திரும்பி நடக்கும், ஏரி மண்ணுக்குள் வடியும் என்று சொன்னதும் நீதான். தம்பி மட்டும் சிரித்தான். "இதுக்கா அண்ணா இத்தனை வருஷம் படிச்ச? ஏரியில நீஞ்சினா கால்ல தெரியுமே, அங்கங்க அடியிலேர்ந்து ஜில்லுனு வரும்" என்றான். நீ ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாய்.

கிணற்றை அளக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை காலை, யாரும் தண்ணீர் இறைப்பதற்கு முன்னால், இரும்பு டேப்பில் சாக்பீஸ் தடவி இறக்கி, நனைந்த அளவைக் கழித்து, விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அங்குலம் கீழே என்று எழுத வேண்டும். நான் கேட்ட முதல் கேள்வி, எந்த இடத்திலிருந்து? தையல்காரி வேறென்ன கேட்பாள். தோளிலிருந்தா கழுத்திலிருந்தா என்று கேட்காமல் டேப்பைப் பிடித்தால் சட்டை யாருக்கும் பொருந்தாது. நீ விளிம்பில் கிழக்குப் பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறி, இங்கிருந்து என்றாய். என் கடை அளவு நோட்டிலேயே எழுதினேன், ஒரு பக்கம் பள்ளிக்கூடச் சீருடைகள், எதிர்ப்பக்கம் கிணறு. பம்ப் போடுவதற்கு முன்னால் எழுபத்துநாலு. பம்ப் போட்ட மறுவாரம் எழுபத்தைந்து. ஐந்து மாதத்தில் தொண்ணூற்றேழு. மொத்தம் இருபத்துமூன்று அங்குலம் இறக்கம். உன் ஒன்பது அங்குலம் போய், அதற்கும் கீழே பதினாலு அங்குலம். நீ போனில் ஒவ்வொரு வாரமும் எண்ணைக் கேட்டுக்கொண்டு, "சரி அம்மா" என்று மட்டும் சொல்வாய், கடைசியில் அந்த "சரி" ரொம்பச் சின்னதாகிவிட்டது.

ஆறாவது மாதம் கம்பெனிக்குக் குழாய் ஏற்றிவந்த லாரி நம் சந்தில் பின்னால் எடுக்கும்போது கிணற்றுச் சுவரில் இடித்தது. டிரைவர் இறங்கிவந்து, "பெரிய மனசு பண்ணுங்க அம்மா, சுவர்தானே" என்றான். கொத்தனார் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வைத்துக் கட்டினால் நிற்காது என்று சுற்றிலும் ஏழு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு மட்டமாகப் பூசிக் கொடுத்தார். இடுப்பளவு இருந்த சுவர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பூச்சு காய்வதற்குள் அளந்தேன், சரியாக இருபத்திரண்டு அங்குலம் தாழ்வு. அந்த வெள்ளிக்கிழமை டேப் எழுபத்தைந்து காட்டியது. நோட்டில் "75, புது விளிம்பு, இதோடு 22 கூட்டிக்கொள்" என்று சிவப்பு மையில் எழுதி, போனில் சொன்னால் நீ இருமுவாய் என்று கடிதமாகவே எழுதிப் போட்டேன். நீ பதிலும் போட்டாய். உன் கையெழுத்தில், தேதியோடு, நாலே வரி. "அம்மா, சுவர் விஷயம் தெரிந்துகொண்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நோட்டில் கூட்டிக் கழித்துக் குழப்ப வேண்டாம், டேப்பில் தெரிகிற எண்ணை மட்டும் எழுதி அனுப்பு." அந்தக் கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே குண்டூசி குத்தி வைத்தேன், என் நோட்டில் துணித் துண்டைக் குத்திவைக்கிற வழக்கம், பிறகு எந்தச் சாயம் என்று சண்டை வராது.

வருஷக் கடைசியில் உன் அறிக்கை வந்தது. சின்னவன் பெண்டாட்டி எனக்குப் படித்துக்காட்டினாள். "தொடக்கத்தில் சற்று இறங்கிய நிலத்தடி நீர்மட்டம், ஆறாம் மாதத்தில் தானாகவே மீண்டு, ஏறக்குறைய பழைய அளவில் நிலைபெற்றது." தானாகவே மீண்டது! செங்கல் இறங்கியது, தண்ணீர் ஏறியது. அந்த வரியைக் கேட்டதும் எனக்குக் கூட்டல் தெரியாமல் போய்விடவில்லை, எழுபத்தைந்தும் இருபத்திரண்டும் தொண்ணூற்றேழு என்று எனக்குத் தெரியும். ஆனால் அட்டையில் உன் பேர் அச்சாகியிருந்தது. படித்தவன் எங்கேயாவது கூட்டியிருப்பான், நமக்குத் தெரியாத கணக்கு இருக்கும் என்று என் வாயை நானே தைத்துக்கொண்டேன், அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினேன், அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் நிற்கவைத்துக் காட்டினேன். நீ அந்த அறிக்கையைக் காட்டித்தான் வெளிநாட்டு வேலைக்குப் போனாய். வழியனுப்ப வந்தபோது தம்பி உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு காலாலும் படியேறினான், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நீ போன மறு கோடையில், ஏரியில் கூண்டு கட்டி மீன் வளர்த்துக்கொண்டிருந்த தம்பி அங்கிருந்து வந்து வாசலிலேயே நின்றான். "அடியில இருந்த குளிரு போயிடுச்சு அம்மா. ஜில்லுனு இருந்த இடமெல்லாம் வெதுவெதுன்னு இருக்கு" என்றான். ஏரி அப்போது பார்வைக்குக் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. அவன் உனக்குப் போன் செய்தான், நான் பக்கத்திலேயே இருந்தேன். நீ அவனிடம், "டேய், உன் கால் சொல்றது வேற, அளவு சொல்றது வேற. கூண்டை இன்னும் நாலு சேர்த்துப் போடு, ஒண்ணும் ஆகாது" என்றாய். நானும் சேர்ந்துகொண்டேன், அண்ணன் படித்தவன், நீ மீனைப் பார், வாயை மூடு என்றேன். அவன் உன்மேல் கோபப்படவில்லை, நாலு மீன் கூண்டு வைத்திருந்தவன் எட்டாக்கினான். முதலில் ஓடை நின்றது, அங்கங்கே குட்டையாகத் தேங்கி, பிறகு அதுவும் இல்லை. அடுத்த கோடையில் ஏரித் தண்ணீர் சுட்டது. வெயில் நாளில் மீன் ஒதுங்குகிற அந்தக் குளிர்ந்த ஊற்றுகள் இல்லை, ஒரே காலையில் எட்டுக் கூண்டும் வெள்ளையாக மிதந்தன. உனக்குச் சொன்னபோது வானிலை என்றாய். நான் அளப்பதை நிறுத்தவில்லை, ஆனால் நீ எண் கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாய்.

கடைசியில் வடக்குக் கரைச் சதுப்பு காய்ந்தது. சதுப்பு மண் பாதி மண், பாதி மக்கிய கோரைவேர், ஈரம் இருக்கும்வரைதான் அது மண், ஈரம் போனால் விறகு. போன வருஷம் அதில் எங்கேயோ பிடித்த நெருப்பு மேலே வராமல் அடியிலேயே வாரக்கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தது. தம்பியின் படகு கோரைக்குள் தரைதட்டிக் கிடந்தது, தூரத்தில் புகை தெரிகிறதே என்று ஒரு மத்தியானம் அதை இழுத்துவரப் போனான். மேலே பச்சைப் புல், கால் வைத்த இடத்தில் உள்ளே தணல். இடது கால் கெண்டைச் சதை வரை இறங்கியது. கூடப் போயிருந்த படகு பழுதுபார்ப்பவர்தான் இழுத்துப் போட்டார். வீட்டுக்குத் தூக்கிவந்தபோது கால்சட்டைத் துணி சதையோடு ஒட்டியிருந்தது, என் பெரிய கத்தரியால் நான்தான் வெட்டி எடுத்தேன், கை நடுங்கவில்லை, துணி வெட்டுகிற கை நடுங்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நீ போனில் "நான் வரட்டுமா அம்மா" என்று கேட்டாய், நீ கேட்ட விதத்திலேயே வேண்டாம் என்ற பதிலும் இருந்தது, அதையே எடுத்துச் சொன்னேன். மருமகள் பூப்படம் போட்ட அட்டை அனுப்பினாள், அவளுக்கு என் நன்றி. தம்பி இப்போது அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான், உட்கார்ந்தே செய்கிற வேலை வேறு யாரும் கொடுக்கவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாகப் போகும், தூசி இருப்பதைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஏரி நாள் முழுக்க அவன் மூக்குக்கு முன்னால் போகிறது. நீ ஏரியில் நட்டுவைத்த அளவுக் கம்பம் இப்போது காய்ந்த தரையில் நிற்கிறது, அவன் பெண்டாட்டி அதில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறாள், இதுவரை அந்தக் கம்பத்தால் இந்த வீட்டுக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

நெருப்புக்குப் பிறகுதான் விசாரணை. போன புதன்கிழமை விசாரணை அதிகாரி வந்தாள், மருமகள் வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தாள். அவருக்கு இப்போது காது மந்தம், அவள் கேட்டதை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வரிசை என்று விரலால் எண்ணிக் காட்டினார். நான் தப்பாக அளந்ததாக நீ எழுதியிருப்பதை அவள் சொன்னதும் அவர் என்னைப் பார்த்து, "இந்த அம்மாவா? நான் கட்டின கதவு நிலையில கால் அங்குலம் கோணல்னு ஒரு வாரம் என் உயிரை எடுத்தவங்க. எழுதினவன் இவங்களைப் பார்த்ததே இல்ல போல" என்றார். எழுதியவன் யார் என்று அவருக்கு நான் கத்திச் சொல்லவில்லை. அந்தப் பெண் கிணற்றை அளக்கச் சொன்னாள். டேப் சேற்றில் போய் நின்றது. நான் ஒரு கேள்வி கேட்டேன், நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று. பார்வையாளர் பிழை என்று கோப்பை மூடிவிடுவார்கள், பம்ப் ஓடும் என்றாள். போடாவிட்டால்? பம்ப் நிற்கும், அடித்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், முதலில் கிணறு, பிறகு ஏரியின் அடி, அந்தக் குளிர் திரும்பப் பதினைந்து வருஷம் ஆகலாம் அம்மா என்றாள். நான் இருக்க மாட்டேன். உன் தம்பி மகள் இருப்பாள், அவளுக்கு இப்போது எட்டு வயது, நீச்சல் தெரியாது, கற்றுக்கொள்ள இடம் இல்லை.

அன்று மாலை தம்பியிடம் உன் தாளைக் காட்டினேன். அவன் படித்துவிட்டு மடித்து என் மடியில் வைத்தான். "போட்டுடு அம்மா. அவன் வேலை போனா என் கால் முளைக்கவா போகுது? ஒருத்தனாவது முழுசா இருக்கட்டும்" என்றான். நீ இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், அவன் இதை உன்னிடம் ஒருநாளும் சொல்ல மாட்டான். முந்தின வாரம் நீ போனில், "அந்தப் பழைய லெட்டர் இருக்கா அம்மா? கிடைச்சா கிழிச்சுடு, சும்மா குழப்பம்" என்று சொன்னதையும் நான் அவனிடம் சொல்லவில்லை. தேட வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன், பொய், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். அன்று இரவு முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், நூல் கோக்கவில்லை. நீ பிழை செய்தாய் என்றால் மன்னித்திருப்பேன், பிள்ளைகள் செய்வதுதான். பயந்துபோய் ஓடிவிட்டாய் என்றாலும் மன்னித்திருப்பேன். நான் தப்பாக அளந்தேன் என்று என் கையாலேயே எழுதித் தரச் சொல்கிறாய் பார், அதற்கு என் உடம்பில் இடம் இல்லை. தம்பி காலுக்காக இதைச் செய்தேன் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லட்டும், உண்மை உனக்குத் தெரிந்தால் போதும்.

வியாழக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் அலுவலகத்துக்கு நடந்து போனேன். குண்டூசியை எடுக்காமல் அப்படியே கொடுத்தேன். ரசீது வாங்கிக்கொண்டேன். அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் நின்று, இது எந்தக் கிணறு அம்மா, வலது முப்பத்தொன்பது, இடது இருபத்தாறு என்று கேட்டாள். கிணறு இல்லை, என் சின்ன மகனின் கால்சட்டை, இடுப்பிலிருந்து என்றேன். 

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அழுவாய், அழுதால் நான் இளகிவிடுவேன், நீ சின்ன வயதிலேயே அதைக் கண்டுபிடித்துவைத்தவன். அதனால்தான் கடிதம். இன்று தபாலில் போட்டால் உனக்கு வந்து சேரப் பதினோரு நாள் ஆகும். விசாரணை இன்றிலிருந்து ஒன்பதாம் நாள். நீ இந்த வரிக்கு வரும்போது நான் எழுந்து நின்று, பேர் சொல்லி, தொழில் சொல்லி, உன் நாலு வரியையும் வாய்விட்டுப் படித்து முடித்து இரண்டு நாள் ஆகியிருக்கும். உன் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன், பெருக்கல் குறியை ரப்பரால் அழித்திருக்கிறேன், தாளை வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் தம்பியின் ஊன்றுகோல்கள் இருக்கின்றன, ஒதுக்கித் தருகிறேன். ஆயுசு நூறு இருக்கட்டும், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு, தம்பியும் அதைத்தான் கேட்கிறான். மறந்துவிடாதே, பழைய கணக்கை எப்போது எடுத்துப் பார்த்தாலும் ஆறாம் மாதத்திலிருந்து இருபத்திரண்டு அங்குலம் கூட்டிக்கொள்.

இப்படிக்கு,
முறையான பயிற்சி இல்லாத வயதான பார்வையாளர்,
உன் அம்மா